பெற்றோரின் கையொப்பமும் பிள்ளையின் மறுப்பும்: ஆட்டிசம் நடத்தைப் பயிற்சியை முன்வைத்து

நம்முடன் பணியாற்றும் இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் மகனுக்கு ஐந்து வயதாகிறது. பேச்சு இன்னும் வரவில்லை. ஆட்டிசம் என்று மூன்றாம் வயதில் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஓராண்டாக வாரம் மூன்று நாள் ஒரு பயிற்சி மையத்துக்குப் போய் வருகிறான். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நண்பரின் வண்டி பழுதாகிவிட, நாம் அவர்களை அழைத்துச் சென்றோம். மாடியில் ஒரு நீண்ட கூடம். மரத் தடுப்புகளால் சிறு சிறு அறைகளாகப் பிரித்திருந்தார்கள். பெற்றோருக்கு உள்ளே அனுமதியில்லை. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுத் தாய்மார் கைப்பேசியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள். கதவு சாத்தப்பட்ட சில நிமிடங்களில் பையனின் அழுகை கேட்கத் தொடங்கியது. நாற்பது நிமிடம். நடுவில் ஒருமுறை அது வீறிடலாக உயர்ந்தது, பிறகு அடங்கியது.

வெளியே வந்த இளம் பயிற்சியாளரின் கையில் ஒரு தாள் இருந்தது. "இன்றைக்கு நல்ல செஷன் சார், எண்பது சதவீதம் வந்திருக்கிறது" என்றார். நண்பர் தயங்கி, "ரொம்ப அழுதானேம்மா" என்றார். "அது வேலையிலிருந்து தப்பிக்கிற அழுகை சார். கண்டுகொள்ளாமல் விட்டால் குறைந்துவிடும். குறைவதற்கு முன்னால் கொஞ்சம் கூடும். கூடினால் நல்ல அறிகுறி." நண்பர் தலையசைத்தார். நாமும் அசைத்தோம். அந்தத் தலையசைப்பின் கூச்சம் இன்னும் தீராததால் எழுதப்படுவது இக்கட்டுரை.

இலக்கியம் பேசும் இடத்தில் இதைப் பேசுவானேன் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நமக்குத் தெரிந்த தொழில் உரை கூறுவது ஒன்றே. அந்தப் பயிற்சியாளர் செய்ததும் உரை கூறுதல்தான். ஒரு குழந்தையின் அழுகை மூலபாடம். "தப்பித்தல்" என்பது அவர் கண்ட பொருள். ஆனால் எத்தகைய உரை அது! அழுகை கூடினால் பயிற்சி பலிக்கிறது என்று பொருள். அழுகை நின்றால் பயிற்சி பலித்துவிட்டது என்று பொருள். இந்தப் பயிற்சி தவறு என்று காட்டக்கூடிய அழுகை ஒன்றாவது உண்டா? இல்லை. எப்படிப் பார்த்தாலும் உரைகாரரே வெல்லும் இப்படியோர் உரையை முதுகலை மாணவர் ஒருவர் எழுதிக்கொண்டு வந்தால் நாம் திருப்பியனுப்பிவிடுவோம். ஐந்து வயதுப் பிள்ளையின் உடம்பின் மீது எழுதப்படும்போது மட்டும் கட்டணம் செலுத்தி வாங்கிக்கொள்கிறோம்.

நம் ஊர்களில் ஏ.பி.ஏ. என்று மூன்றெழுத்தில் வழங்கும் இந்த நடத்தைப் பகுப்பாய்வுப் பயிற்சியை ஒரேயடியாகக் கொடுமை என்று சொல்வது நம் நோக்கமன்று. ஸ்கின்னரின் நடத்தையியலிலிருந்து கிளைத்த முறை அது. ஒரு கட்டளை, அதற்குக் குழந்தையின் எதிர்வினை, சரியாக இருந்தால் ஒரு பரிசு. இதையே நூறு தடவை. செய்யாவிட்டால் பயிற்சியாளர் குழந்தையின் கையைப் பிடித்துச் செய்விப்பார். ஒவ்வொரு முயற்சியும் தாளில் குறிக்கப்படும். இந்த வழியில் கழிவறைக்குப் போகக் கேட்கவும், கரண்டி பிடிக்கவும், படம் காட்டித் தண்ணீர் கேட்கவும் கற்ற குழந்தைகள் உண்டு, நாமே பார்த்திருக்கிறோம். பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் இளம் பெண்கள். தமக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்கிறார்கள். நம் வழக்கு, சொல்லிக் கொடுக்கப்பட்டதன் மீது.

அந்தப் பாடத்தின் வரலாறு பெற்றோருக்குச் சொல்லப்படுவதில்லை. "அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்று மையங்களின் துண்டறிக்கையில் அச்சாகும் வரிக்குப் பின்னால் பெரும்பாலும் நிற்பது, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பணியாற்றிய இவார் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு. வாரம் 40 மணி நேரம், இரண்டாண்டுக்கும் மேலாகப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் பிற குழந்தைகளைப் போலப் பள்ளியில் தேறினர் என்பது அதன் முடிவு. இந்த 47 விழுக்காடு உலகம் சுற்றி வந்தது. அதே ஆய்வில், பிற வழிகள் பலிக்காதபோது உரத்த குரலில் "கூடாது" என்று அதட்டியதும் தொடையில் அறைந்ததும் சிகிச்சையின் கூறுகளாக எழுதப்பட்டிருந்த செய்தி அவ்வாறு சுற்றி வரவில்லை. குழந்தைகள் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கப்படவில்லை என்பதும் வரவில்லை.

இது பழங்கதை, இன்று அறைவதில்லை என்பார்கள். பெரும்பாலும் உண்மை, மகிழ்ச்சி. ஆனால் அறையை எடுத்துவிட்டு, அறை எதற்காக விழுந்ததோ அந்த நோக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டோமா என்பதல்லவா கேள்வி? தீங்கைக் கணக்கெடுக்கும் பழக்கமாவது வந்ததா? கிறிஸ்டன் பொட்டேமா-பியூட்டெலும் அவர் குழுவினரும் 2021இல் ஒரு வேலை செய்தார்கள். ஆட்டிசக் குழந்தைகளுக்கான இளம்பருவப் பயிற்சி ஆய்வுகள் 150ஐ எடுத்து, பயிற்சியால் ஏற்பட்ட பாதகங்களைப் பற்றி ஏதேனும் பேச்சு உண்டா என்று தேடினார்கள். 11 ஆய்வுகளில் மட்டும் இருந்தது. காய்ச்சல் மாத்திரை அட்டைக்குள்ளும் பக்கவிளைவுகளைப் பொடி எழுத்தில் அச்சிட்டு வைக்கிறார்கள். வாரத்தில் இத்தனை மணி நேரம் ஒரு பிள்ளையின் வாழ்வை எடுத்துக்கொள்ளும் சிகிச்சைக்கு அந்தப் பொடி எழுத்தும் இல்லை.

ஆகவே வெளிப்படைத்தன்மை வேண்டும். கதவைத் திற, கேமரா வை, பதிவைப் பெற்றோருக்குக் கொடு என்று முழங்கிவிட்டுப் போய்விடலாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். வரலாற்றைச் சற்றுப் புரட்டியபோது அந்த நினைப்பு ஆட்டங்கண்டது.

1965 மே மாதத்தில் அமெரிக்காவின் 'லைஃப்' இதழ், லோவாஸின் ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் படங்களுடன் ஒரு கட்டுரை வெளியிட்டது. குழந்தைகளை அதட்டுவதும் அறைவதும் புகைப்படங்களாகவே வந்தன. தலைப்பிலேயே அலறலும் அறையும் இருந்தன. கூடவே அன்பும் சேர்க்கப்பட்டிருந்தது! எதுவும் மறைக்கப்படவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து, தொடையில் அறைதலோடு, 1987இன் ஆய்வு வந்தது.

இதைவிடக் கொடிய சான்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேன்டன் நகரில் உள்ள ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையம். ஸ்கின்னரின் மாணவர் மேத்யூ இஸ்ரேல் 1971இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே ஆட்டிசமும் பிற குறைபாடுகளும் உடையோர் சிலரின் உடம்பில் மின்முனைகளைப் பொருத்தி, "வேண்டாத நடத்தை" நிகழும்போது ஊழியர் தொலைவிலிருந்து பொத்தானை அழுத்தி மின்னதிர்ச்சி கொடுக்கும் முறை உண்டு. இது திருட்டுத்தனமாக நடந்ததன்று. பெற்றோர் கையொப்பமிட்டிருந்தனர். ஒவ்வொருவருக்கும் சிகிச்சைத் திட்டம் எழுத்தில் இருந்தது. நீதிமன்றம் அனுமதித்திருந்தது, அதுவும் எப்படி? தானே முடிவெடுக்க இயலாதவர், இயன்றிருந்தால் எதை விரும்பியிருப்பாரோ அதை அவர் இடத்தில் நின்று நீதிபதி தீர்மானிப்பது என்னும் கோட்பாட்டின்படி. அறைகளில் கேமராக்கள் இருந்தன. 2002 அக்டோபரில் அங்கிருந்த இளைஞர் ஒருவர் மேற்சட்டையைக் கழற்ற மறுத்தார். அதில் தொடங்கி, கட்டிவைக்கப்பட்ட நிலையில், சுமார் ஏழு மணி நேரத்தில் 31 முறை அவருக்கு மின்னதிர்ச்சி தரப்பட்டது. இவை நமக்குத் தெரிவது அந்த மையத்தின் கேமரா எடுத்த படத்தினாலேயே. அவருடைய தாய் தொடுத்த வழக்கில் 2012இல் அந்தப் படம் நீதிமன்றத்தில் திரையிடப்பட்டது.

பின்னர் நடந்ததும் அறியத்தக்கது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் இவ்வகைக் கருவிகளைத் தடைசெய்தது. எதிர்த்து வழக்காடியவர்களில் மையத்தோடு பெற்றோர் அமைப்பும் இருந்தது. 2021 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த நிர்வாகத்துக்கு அவ்வாறு தடைசெய்யும் அதிகாரமில்லை என்று தடையை நீக்கியது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதிகாரம் வழங்கிய பின், 2024 மார்ச்சில் தடைக்கான முன்மொழிவு மறுபடியும் வெளியிடப்பட்டது. நடத்தைப் பகுப்பாய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் மின்னதிர்ச்சியை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது 2022இல்தான்.

கேமரா இருந்தது, கையொப்பம் இருந்தது, கோப்பு இருந்தது, நீதிபதியும் இருந்தார். இல்லாதது ஒன்றே ஒன்று. மேற்சட்டையைக் கழற்ற மாட்டேன் என்ற மறுப்பை மறுப்பாக ஏற்க ஒருவரும் இல்லை.

நம் ஊர் மாடியறையை மின்னதிர்ச்சிக் கூடத்தோடு ஒப்பிடுவது அநியாயம் என்று சிலர் சினக்கலாம். வேதனையின் அளவை நாம் ஒப்பிடவில்லை. இலக்கணத்தை ஒப்பிடுகிறோம். அங்கும் இங்கும் பிள்ளையின் "மாட்டேன்" என்பது கூற்றாக எண்ணப்படுவதில்லை. திருத்தப்பட வேண்டிய பிழையாக எண்ணப்படுகிறது. நாற்காலியைவிட்டு எழுந்தால் "தப்பித்தல்". கையைத் தட்டிவிட்டால் "இணங்காமை". முகத்தைத் திருப்பிக்கொண்டால் "கவனமின்மை". பேசத் தெரிந்த குழந்தைக்கு "வேண்டாம்" என்று ஒரு சொல் இருக்கிறது. பேச்சு வராத குழந்தைக்கு உடம்பே சொல். அந்தச் சொல்லையும் அகராதியிலிருந்து நீக்கிவிட்டால் அவனிடம் மிஞ்சுவது என்ன?

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் வகுத்தார். உள்ளத்தில் நிகழ்வது மெய்யில் புலப்படுவதே மெய்ப்பாடு. புலப்படுவதைக் கண்டு பொருள் உணர்வது பார்ப்பவரின் கடன். எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையும் உண்டு, அச்சமும் உண்டு, வெகுளியும் உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் நிலைக்களம் வேறு வேறு. அச்சத்துக்கு நிலைக்களமாகச் சொன்ன நான்கனுள் ஒன்று, தமக்கு இறைவராய் இருப்பவர். சின்னஞ்சிறு அறையில் எதிரே அமர்ந்து கட்டளையிடுபவரும் ஒரு பிள்ளைக்கு இறைவர்தானே? மதிப்பெண் தாளில் இந்த வேறுபாடுகள் எவையும் இல்லை. அழுகை, அச்சம், வெகுளி மூன்றுக்கும் அங்கே ஒரே பெயர்: பிரச்சினை நடத்தை. இத்தனை நூற்றாண்டு மெய்ப்பாடு படித்த மரபில் வந்தவர்கள் ஒரு குழந்தையின் மெய்ப்பாட்டை வாசிக்க மறுப்பது நமக்கு உறுத்துகிறது.

பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உடையோருக்குப் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்றொரு பெயர் வழங்கி வந்திருக்கிறது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறவன், குழல்விளக்கின் துடிப்பு தாளாமல் கண்ணை மூடிக்கொள்கிறவன், சட்டைக் கழுத்தில் தைத்த துணிப்பட்டி உறுத்தி நாள் முழுக்கத் தவிக்கிறவன் புற உலகச் சிந்தனையற்றவனாம்! புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடுகிறவனுக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் எவரோ, அவர் அப்படியொரு பிள்ளையோடு அரைநாள் இருந்திருக்க மாட்டார். தமிழில் யெஸ்.பாலபாரதி போன்றோர் 'ஆட்டிசம்' என்ற சொல்லையே வைத்துக்கொண்டு எழுதி வருவது எவ்வளவோ மேல்.

இனி, நம்மிடம் வழக்கமாக வைக்கப்படும் எதிர்வாதங்கள். மூன்று வயதுப் பிள்ளையிடம் சம்மதம் கேட்டா தடுப்பூசி போடுகிறோம் என்பார்கள். இல்லைதான். ஆனால் தடுப்பூசி ஒரு கணம். நன்மையும் தீமையும் எழுதப்பட்டிருக்கின்றன. தாய் மடியில் வைத்துக்கொள்கிறாள், அழுதால் அணைத்துக்கொள்கிறாள், அந்த அழுகையை அணைக்கும் பரிசு கொடுத்துக் "கெடுத்துவிடாதீர்கள்" என்று செவிலியர் சொல்வதில்லை. சாலையில் ஓடும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கவும் சம்மதம் கேட்கத் தேவையில்லை. தன் கையைக் கடித்து இரத்தம் வரவழைத்துக்கொள்கிறவனைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் "என் கண்ணைப் பார்" என்று நூறு தடவை சொல்லிப் பார்க்க வைப்பது எந்த ஆபத்திலிருந்து காப்பதற்காக? கையை உதறாதே, விரலை ஆட்டாதே, சும்மா இரு என்பவற்றால் யாருக்கு நிம்மதி? பிள்ளைக்கா, திருமண வீட்டில் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கா?

கண்டிப்பு இல்லாமல் எந்தப் பிள்ளை படித்தது என்பது இன்னொரு வாதம். ஆசிரியராகிய நம் காதில் இது அடிக்கடி விழும். வகுப்பில் நாமும் அமைதியை அறிவென்று மயங்கிய ஆண்டுகள் உண்டு. கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் பள்ளிகளில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்துவிட்டது. அந்தத் தடை பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது என்று எண்ணிக்கொள்வோருக்கு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் தம்மைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாகத் தம் கருத்தைத் தடையின்றி வெளிப்படுத்த உரிமை உடையவர்கள். அதற்கு அவர்தம் வயதையும் குறைபாட்டையும் கருதி உதவி அளிக்கப்பட வேண்டும் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. 6ஆம் பிரிவு கொடுமையான, இழிவான நடத்துதலிலிருந்து பாதுகாப்பளிக்கிறது. ஆராய்ச்சிக்கென்றால் ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் இசைவையும் பெற வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுநெறி. ஒரு பிள்ளையை ஒருமுறை ஆராய அவனுடைய இசைவு வேண்டும். ஆண்டுக்கணக்கில் அன்றாடம் திருத்துவதற்கு வேண்டாமாம்.

இசைவு என்ற சொல்லை அறிந்தே எழுதுகிறோம். கையொப்பம் இடுவது ஒப்புதல், அது பெற்றோருடையது. இசைதல் வேறு. யாழ் இசைவதைப் போல, இருவர் கூடினால் நிகழ்வது. ஒருமுறை வாங்கிக் கோப்பில் போட்டு வைக்க முடியாதது. காலையில் இசைந்தவன் மாலையில் இசையாமல் போகலாம். நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க வாரியமும் 2022இல் நடைமுறைக்கு வந்த தன் ஒழுக்க நெறியில், பேச்சாலோ பேச்சில்லாமலோ பிள்ளை காட்டும் இசைவுக்கு இடம் கொடுத்துவிட்டது. 2023 முதல் அவ்வாரியம் அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளுக்கு வெளியே புதிதாகச் சான்றளிப்பதை நிறுத்திவிட்டதால், நம் ஊர்ச் சுவர்களில் தொங்கும் சட்டங்களில் பல எந்த நெறிக்குக் கட்டுப்பட்டவை என்பதைக் கேட்டே அறிய வேண்டும்.

நடக்கிற காரியமா என்றால், நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அதுவும் அந்தத் துறைக்குள் இருப்பவர்களே. ஆதித்யன் ராஜாராமன், கிரெகரி ஹான்லி முதலியோர் வெளியிட்ட ஆய்வொன்றில், கடுமையான நடத்தைச் சிக்கல் உடைய குழந்தைகளுக்கு எப்போதும் மூன்று வழிகள் திறந்திருந்தன: பயிற்சியில் இருக்கலாம், பக்கத்தில் சும்மா விளையாடலாம், அல்லது அறையைவிட்டே போய்விடலாம். கட்டிப் பிடித்து வைக்கவில்லை. குழந்தைகள் பெரும்பாலான நேரம் பயிற்சியில் இருப்பதையே தேர்ந்தெடுத்தார்கள். கதவைத் திறந்து வைத்தால் பிள்ளை ஓடிவிடும் என்று அஞ்சுகிறவர்கள், ஓடும்படியாக உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

பெரியவர்களாகிவிட்ட ஆட்டிசக்காரர்கள் நெடுநாளாக இதைத்தான் சொல்லி வருகிறார்கள். ஜிம் சின்க்ளேர் 1993இல் பெற்றோரை நோக்கி, எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்றார். மிஷெல் டாசன் 2004இல் நடத்தையியலாரின் ஒழுக்கக் கேட்டை விரிவாக எழுதியதோடு, அதே ஆண்டு கனடா உச்ச நீதிமன்றத்தில் இப்பயிற்சி பற்றிய வழக்கிலும் தன் தரப்பை முன்வைத்தார். நம் நாட்டிலிருந்து டிட்டோ முகோபாத்யாய், பேச்சு வராத சிறுவனாக இருந்தபோதே எழுதத் தொடங்கி, 2000இல் இங்கிலாந்தில் நூல் வெளியிட்டார். எதிரே அமர்ந்திருப்பவன் ஒன்றும் அறியாதவன் என்று எண்ணிக்கொண்டு பேசும் நம் வழக்கத்துக்கு அந்த ஒரு நூல் போதும்.

மையங்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. பெற்றோர் எந்த நேரத்திலும், முன்னறிவிப்பின்றி, உள்ளே வரலாம் என்று எழுதிக் கொடுங்கள். எந்த நடத்தையை மாற்றப் போகிறீர்கள், ஏன், அதனால் பிள்ளைக்கு என்ன பயன் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். சரியான விடைகளை எண்ணும் அதே தாளில் இன்னொரு கட்டம் போடுங்கள்: இன்று எத்தனை முறை மறுத்தான், எதை மறுத்தான், மறுத்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள். எண்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணும் இருக்கட்டும். "போதும்" என்பதற்கு ஓர் அட்டையோ சைகையோ முதல் நாளே கற்றுக் கொடுங்கள். அதை அவன் காட்டும்போது நிறுத்துங்கள். பரிசு மிட்டாயைக் காட்டிக் கற்பிக்கும் ஆயிரம் பாடங்களில் இந்த ஒரு பாடம் மட்டும் கடைசிக்குத் தள்ளப்படுவது ஏன் என்று நமக்கு விளங்கவில்லை.

நண்பர் மறுவாரம் உள்ளே உட்கார அனுமதி கேட்டார். "பேரன்ட்ஸ் இருந்தால் குழந்தை ஒத்துழைக்காது சார்" என்றார்கள். நண்பரின் துணைவியார் அதற்குள் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தார். மையத்துக்கான நீலப்பை மேசைக்கு வரும் காலைகளில் மட்டும் பையனின் செருப்பு காணாமல் போய்விடுகிறது. கட்டிலுக்கடியில், சுவரோரமாக, கைக்கு எட்டாத இடத்தில், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறான். ஓராண்டாக அவர் அதை எடுத்து மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதி வைக்கிறார். நேற்றுவரை பதினொரு நாள்.